ஆறு மணி நேரம் குறைவு

எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதன் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிடுவது பெரியக்காவின் வழக்கம். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் இருபத்து மூன்று ஆண்டுகளாக நர்ஸ் வேலை பார்ப்பவள் அவள். அங்கே ஒரு மாத்திரை கொடுத்தாலும் நேரம் எழுத வேண்டும். ஒரு கட்டைப் பிரித்தாலும் நேரம் எழுத வேண்டும். கை அதற்கே பழகிவிட்டது. தபால்காரர் நீட்டும் தாளிலும் 11.20 என்று எழுதுவாள். மகள் பள்ளியில் படித்த காலத்தில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துக்குப் பக்கத்தில் 19.40 என்று எழுதி அனுப்பியதைப் பார்த்துவிட்டு, "உங்க அம்மா ரயில்வேயிலயா வேலை பார்க்கிறாங்க?" என்று வகுப்பாசிரியை கேட்டாளாம். அந்தக் கேள்வியை வைத்தே வீட்டில் பல ஆண்டுகள் சிரித்தார்கள்.

வார்டில் எல்லோருக்கும் மூத்தவள், வார்டின் பொறுப்பும் அவளுடையது என்பதால் சிறியவர்கள் அவளைப் பெரியக்கா என்றார்கள். நாளடைவில் மருத்துவர்களும் அப்படியே அழைத்தார்கள். அவளைவிட வயதில் மூத்த நோயாளிகளும் கூச்சமில்லாமல் அழைத்தார்கள்.

அந்த மாதம் இருபத்தாறாம் தேதி மாலை, சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இரண்டு நாளாக விடாத தூறல். துவைத்த சீருடைகள் காயாமல், நாற்காலிகளின் முதுகில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் தொங்கின.

நர்ஸ்களின் உரிமத்தை மூன்று ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவமும் கட்டணமும் மட்டும் போதாது. இடைப்பட்ட காலத்தில் முப்பது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, தொழிலில் வந்திருக்கும் புது முறைகளைக் கற்றதற்குச் சான்றும் காட்ட வேண்டும். பெரியக்காவின் உரிமம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பிரிவிலிருந்து சான்றிதழும், வகுப்புக்கு வந்தவர்கள் கையெழுத்திட்ட தாள்களின் நகல்களும் அன்று காலைதான் கைக்கு வந்திருந்தன.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். போன கோடையில் தோள்பட்டை இறங்கிவிட்டதால் இப்போது பாதி நாள்தான் வேலை. கோப்பு அடுக்குவதில் அவருக்கு அலாதி ஆசை.

"பத்து வகுப்பு. வகுப்புக்கு மூணு மணி நேரம். முப்பது. கனகச்சிதம்," என்றார். "கோப்புல கோக்க ஓட்டை போடவா?"

"இருங்க."

அவள் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தன் கையெழுத்தும் நேரமும் தெரிந்தன. 14.02. 13.58. 14.00. ஐந்தாவது தாளில் விரல் நின்றது. பிறகு எட்டாவது தாளை எடுத்து, அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ரெண்டும் நான் போட்டது இல்ல."

"உன் பேர்தானே இருக்கு?"

"பேர் என்னுது. கை என்னுது இல்ல. நேரம் எங்க?"

"ஒருநாள் எழுத மறந்திருப்ப."

"என்னங்க, மூச்சு விட மறந்தாலும் நான் அதை மறப்பேனா?"

அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். பார்வைக்கு அவளுடைய கையெழுத்துதான். ஆனால் அவளுடையதைவிடச் சற்று அழகாக இருந்தது.

தேதிகளைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. முதல் தாளின் தேதி, வார்டில் படுத்திருந்த ரொட்டிக்கடைக்காரருக்கு வயிற்றுத் தையல் பிரிந்த மதியம். இரண்டாவது, மூன்று நர்ஸ்கள் காய்ச்சலில் படுத்துவிட்ட வாரம். இரண்டு நாளும் சிறியவர்களை எல்லாம் வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு வார்டில் அவளே நின்றிருந்தாள். அந்த மதியங்களில் அவள் மருந்துப் பதிவேட்டில் போட்ட கையெழுத்துகளும், அவற்றின் பக்கத்தில் நேரமும் இன்றும் இருக்கும்.

கதவு தட்டாமல் உள்ளே வருபவள் அந்த வீட்டில் ஒருத்திதான். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் நாத்தனார், மூடிபோட்ட பாத்திரத்தில் சூப்போடு வந்தாள். தங்கும் விடுதியொன்றின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எதையும் ஒரே இழுப்பில் நேராக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய சுபாவம். விஷயத்தைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பும் தந்துவிட்டாள்.

"அண்ணி, ஊர்ல அவனவன் போகாத வகுப்புக்குப் போனதா காட்டத் தலைகீழா நிக்கிறான். உங்களுக்கு ஒரு புண்ணியவதி ஓசியில போட்டுக் கொடுத்திருக்கா. அதுக்குப்போய் முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்களே! அண்ணா, ஓட்டையைப் போடு."

"போடாதீங்க," என்றாள் பெரியக்கா.

"சரி, போடலை. கொடுக்கலைன்னா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க."

"ஆறு மணி நேரம் குறையும். புதுப்பிக்க மாட்டாங்க. அடுத்த வகுப்பு வர்ற மாசம் ஒன்பதாம் தேதி. ஒண்ணாம் தேதியில இருந்து நான் ஒரு நோயாளியையும் தொடக் கூடாது. சம்பளமில்லாத லீவு."

"ஒன்பது நாள்தானே? பல்லைக் கடிச்சுக்கலாம்," என்றார் கணவர்.

"வார்டுப் பொறுப்பைக் காலியா விட மாட்டாங்க. வேற ஆளைப் போடுவாங்க. போட்ட ஆளை எழுப்புவாங்களா, தெரியாது. கையெழுத்து விவகாரம்னு என் பதிவிலயும் ஏறும்."

நாத்தனார் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஆவி பறக்கவிட்டாள். "அண்ணனுக்கு ஒரு தோள்தான் வேலை செய்யுது. பொண்ணு வெளியூர்ல படிக்குது. இந்த லட்சணத்துல உங்களுக்கு மனசாட்சி உறுத்துதாக்கும். யார் அண்ணி ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே."

நாத்தனார் சூப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் தொங்கிய ஈரச் சீருடையை எடுத்துக்கொண்டு, "இதையாவது நான் காய வச்சுத் தரேன்," என்று கீழே போனாள்.

கணவர் வெகுநேரம் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"நான் ஒரு தடவை, பார்க்காத கம்பியைப் பார்த்தேன்னு எழுதிட்டேன். அவசரம். ஏழு மாடிக் கட்டடம். லிஃப்டுக்கு ஒண்ணும் ஆகல. ஜம்முன்னு ஓடிச்சு."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"சொல்ற மாதிரியா இருந்தது? அடுத்த சோதனை வரைக்கும் நாலு மாசம். அந்தக் கட்டடத்துல எல்லாரும் லிஃப்டுல போனாங்க. நான் ஒருத்தன் மட்டும் படியேறிப் போனேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஓட்டை போடும் கருவியைத் திரும்ப அதன் டப்பாவில் வைத்து மூடினார்.

மறுநாள் காலை வார்டில் பதினெட்டுக் கட்டில்களும் நிறைந்திருந்தன. உடம்பைத் துடைத்து, விரிப்பு மாற்றி, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கு மூக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு செலுத்தி, மருத்துவர்கள் வந்து போவதற்குள் மணி பதினொன்றாகிவிட்டது. கொஞ்சம் ஓய்ந்ததும் பெரியக்கா, துணி அடுக்கும் சிறிய அறைக்குக் குருவியை அழைத்தாள்.

ஐந்தாண்டு அனுபவமுள்ள நர்ஸ் அந்தப் பெண். நிற்காமல் பேசுவதாலும், தத்தித் தத்தி நடப்பதாலும், நின்றபடியே கொறிப்பதாலும் வார்டு அவளுக்கு வைத்த பெயர் குருவி. நகல்களைக் கண்டதும் அவள் பேச்சு நின்றுபோனது.

"நீதானே?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"என்னைவிட நல்லா போட்டிருக்க."

குருவி தலையணை உறையொன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எங்க எல்லாரையும் அனுப்பிட்டு நீங்க ஒத்தையில வார்டைப் பார்த்தீங்க. நாங்க ஏசியில உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டோம். எங்க கணக்குல மணி ஏறுது, உங்க கணக்குல ஏறல. இது என்னக்கா நியாயம்? அந்தத் தாள் என் கைக்கு வந்ததும் போட்டுட்டேன். யோசிக்கவே இல்ல."

"அன்பா செஞ்ச."

"ஆமாக்கா."

"அன்பா செஞ்சாலும் பொய்ச் சான்று பொய்ச் சான்றுதான். தெரிஞ்சா உன் லைசன்ஸும் போகும். உனக்கு இன்னும் முப்பது வருஷம் சர்வீஸ் இருக்குடி."

குருவிக்குக் கண் நிறைந்தது. "இப்ப என்னக்கா பண்ணப் போறீங்க?"

"போய் அந்த ஆறு மணி நேரத்தை எடுக்கச் சொல்லப் போறேன்."

குருவி வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கட்டில் மணி அடித்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு ஓடினாள்.

பதிவு அலுவலகம், பழைய கட்டடமொன்றின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீண்ட பெஞ்சுகளில் ஈரக் குடைகளோடு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசித் தேதி நெருங்கும்போது மட்டும் களைகட்டும் இடம் அது. குமாஸ்தா ஐம்பது வயதுக்காரர்; கம்பளி மேலங்கி அணிந்து, மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்திருந்தார். அவள் சொன்னதை ஒருமுறை கேட்டார். காதில் விழுந்தது சரிதானா என்று இன்னொரு முறையும் சொல்லச் சொன்னார்.

"சிஸ்டர், பதினாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். மணியைக் கூட்டிக் கொடுங்கன்னு அழுதிருக்காங்க, மிரட்டியிருக்காங்க, ஒரு அம்மா கேக்கே வாங்கிட்டு வந்தாங்க. குறைச்சுக் கொடுங்கன்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்க."

"நான் போகாத வகுப்பு. எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். ஏன் எடுத்தேன்னு நான் எழுதணுமே. யார் போட்டாங்க?"

"என் பேர் தவறுதலா பதிவாகியிருக்குன்னு எழுதுங்க."

"தவறுதலா கை தானா எழுந்து போட்டுச்சா?"

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை.

"அது என் வார்டு. அங்க இருந்து வர்ற எந்தக் கையெழுத்துக்கும் பொறுப்பு நான்தான். என் பேர்ல எழுதிக்குங்க."

குமாஸ்தா பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "எச்சரிக்கைக் குறிப்புன்னு ஒண்ணு உங்க பதிவுல ஏறும். மூணு வருஷம் இருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். ஏறட்டும்."

அவர் எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். பக்கத்தில் 15.25 என்றும் எழுதினாள். அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் கூட," என்றார்.

"உங்க கடிகாரம் மெதுவா ஓடுது," என்றாள்.

ஒன்றாம் தேதி பிறந்தது. வார்டுப் பொறுப்பை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து நர்ஸ் ஒருத்தி ஏற்றுக்கொண்டாள். அலாரம் வைக்காமலேயே ஐந்து மணிக்கு எழுந்துகொள்ளும் உடம்பை என்ன செய்வதென்று பெரியக்காவுக்குத் தெரியவில்லை. அலமாரிகளை எல்லாம் துடைத்தாள். உப்பு, சர்க்கரை டப்பாக்களுக்குக்கூடச் சீட்டு எழுதி ஒட்டினாள். கணவரின் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் தினமும் நான்கு முறை நடந்தது. ஐந்தாவது முறை அவர், "எனக்குக் குணமாயிடுச்சு, விட்டுடு," என்று கெஞ்சினார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மாலுமி, வாரந்தோறும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளக் கையை நீட்டிக்கொண்டு வந்தவர், "ஒன்பதாம் தேதி வரைக்கும் நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரிதான்," என்று அவள் சொல்லக் கேட்டுத் திரும்பிப் போனார். நாலாம் நாள் நாத்தனார் இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இதையாவது பார்ப்பீங்களா, இல்ல இதுக்கும் மேலிடத்துல கேட்கணுமா?"

"குழாயைத் திறந்து தண்ணியில காட்டு. இருபது நிமிஷம். இதைச் சொல்ல லைசன்ஸ் வேண்டாம்."

"நல்லவேளை! நீங்க போய்க் கேட்டுட்டு வர்றதுக்குள்ள ஆறிப்போயிருக்கும்," என்றாள் நாத்தனார். ஆனாலும் இருபது நிமிடமும் அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றது பெரியக்காதான்.

ஒன்பதாம் தேதி, காலையில் மூன்று மணி நேரமும் மதியத்தில் மூன்று மணி நேரமும் வகுப்பு. பின்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்தாள். அந்த ஆறு மணி நேரத்தை ஒரு வாசற்படியாகத்தான் அவள் நினைத்திருந்தாள். தாண்டினால் வீடு. காலை வகுப்பு அப்படியே நடந்தது. காயம் கட்டுவதில் அவளுக்குத் தெரியாதது அதிகமில்லை.

மதிய வகுப்பு, மூக்குக் குழாய் வழி உணவு. பாடம் நடத்தியவள் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள்.

"குழாய் வயித்துலதான் இருக்கான்னு எப்படி உறுதி செய்வீங்க?" என்று கேட்டாள்.

பெரியக்கா எழுந்தாள். "சிரிஞ்சால காத்து விட்டு, வயித்துமேல ஸ்டெதஸ்கோப் வச்சு, சத்தத்தைக் கேட்போம்."

"அந்த முறையை இப்ப விட்டாச்சு அக்கா. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம். காதை நம்பி உணவு விட்டா மூச்சுக்குள்ள போயிடும். குழாய் வழியா கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அமிலம் பட்டா நிறம் மாறுற பேப்பர்ல வச்சுப் பார்க்கணும். நிறம் மாறினா வயிறு. சந்தேகமா இருந்தா எக்ஸ்ரே. அது வரைக்கும் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது."

"எப்ப இருந்து?"

"உங்க ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷம் முன்னாடியே வகுப்பு எடுத்தேனே."

ரொட்டிக்கடைக்காரருக்குத் தையல் பிரிந்த மதியம் அது. பெரியக்கா உட்கார்ந்தாள். நோட்டில் எழுதினாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் குருவி நின்றிருந்தாள். டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். பையில் பன் ரொட்டி. பேருந்து நிறுத்தத்துக் கூரையின்கீழ் இருவரும் ஒதுங்கினார்கள். மழை நின்று, கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"நிறம் மாறுற பேப்பர். உனக்குத் தெரியும்."

குருவி தலையை ஆட்டினாள்.

"ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்டயாக்கா? நீங்க காதுல வச்சு 'சரி'ன்னு சொன்னா டாக்டரே மறுபேச்சு பேச மாட்டார். நான் எப்படி…" குரல் தேய்ந்தது. "நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் பேப்பர் வச்சுப் பார்த்துட்டுத்தான் உணவு விடுவேன்."

"நீ லீவுல இருக்கிற நாள்ல?"

"மத்தவங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"அந்தப் பேப்பர் டப்பா எங்க இருக்கு?"

"துணி ரூம்ல. தலையணை உறைக்குப் பின்னாடி."

பெரியக்கா ஒரு பேருந்தைப் போகவிட்டாள். "அப்போ வார்டுக்கே தெரியும். என்னைத் தவிர."

குருவி பன் ரொட்டிப் பையின் வாயை முறுக்கினாள்.

"எத்தனை தடவை நிறம் மாறல?"

"அக்கா, விடுங்க."

"எத்தனை?"

"ஒரே ஒரு தடவை. நீங்க 'சரி'ன்னு சொல்லிட்டுப் போயிருந்தீங்க. குழாயை எடுத்துட்டு மறுபடி போட்டோம். அவர் நல்லாத்தான் வீட்டுக்குப் போனார். போகும்போது உங்களுக்குத்தான் கும்பிடு போட்டுட்டுப் போனார்."

அடுத்த பேருந்து வந்தது. ஏறினார்கள். பன் ரொட்டியைக் குருவி இரண்டாகப் பிய்த்து நீட்டியபோது பெரியக்கா வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். யோசித்துவிட்டு, "பொண்ணுக்குச் சோறு ஊட்டும்போது ஒரு நாரைக் கதை சொல்லுவேனே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"நீங்க ஆயிரம் கதை சொல்லியிருக்கீங்க."

"ஒரு குளத்துல ஒரு நாரை. கால் நீளம். குஞ்சுப் பறவை எல்லாம் குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி அதைத்தான் கேட்கும். நாரை காலை விட்டுப் பார்த்து, 'முட்டளவுதான், இறங்குங்க'ன்னு சொல்லும். வருஷா வருஷம் சொல்லிச்சு. சொல்லிச் சொல்லிப் பழகிப்போய், அப்புறம் காலை விடாமலேயே சொல்ல ஆரம்பிச்சுது. நடுவுல பெருமழை பெய்ஞ்சு குளத்துல பள்ளம் விழுந்திருக்கு. நாரைக்குத் தெரியாது. பறவைங்க ரகசியமா ஒரு குச்சியை வச்சு ஆழம் பார்த்துட்டு இறங்குச்சுங்க. நாரை மனசு நோகுமேன்னு அதுகிட்ட ஒருத்தரும் சொல்லல."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது. பொண்ணு அதுக்குள்ள தூங்கிடுவா."

அவள் அவரையே பார்த்தாள். இந்தக் கதையை மகளுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு நாளில் உரிமம் வந்தது, எச்சரிக்கைக் குறிப்போடு. வார்டுப் பொறுப்பை ஏற்றிருந்த கீழ்த்தளத்து நர்ஸ், "பதினெட்டுக் கட்டிலும் ஒரே நேரத்துல மணியடிக்குது. நீங்களே வச்சுக்குங்க அக்கா," என்று சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனாள். தலைமை நர்ஸும் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, இரவு டியூட்டிக்காரர்களும் பகல் டியூட்டிக்காரர்களும் மேசையைச் சுற்றிக் கூடும் ஒப்படைப்பு நேரம். ஒன்பது பேர். நாத்தனார் இஸ்திரி போட்டுத் தந்த சீருடையில் மடிப்பு கத்திபோல் நின்றது. கட்டில்வாரியாக விவரம் கேட்டு முடித்ததும், பெரியக்கா துணி அறைக்குள் போனாள். தலையணை உறைகளுக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க மேசை நடுவில் வைத்தாள். ஒன்பது பேரும் கூரையையும் தரையையும் பார்த்தார்கள்.

"மூக்குக் குழாய் விஷயத்துல நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு," என்றாள். "ரெண்டு வருஷமா நீங்க சரியா செஞ்சீங்க; என்னால ஒளிஞ்சு செஞ்சீங்க. இனிமே இந்த டப்பா இங்கதான் இருக்கும். நான் குழாய் போட்டாலும் பேப்பர்ல பார்த்துட்டு எங்கிட்ட காட்டுங்க. காட்டாம ஒரு சொட்டுகூட விடாதீங்க."

கடைசிக் கட்டிலில் ஒருவர் இருமினார்.

"இன்னொண்ணு கேட்கிறேன். பயப்படாம சொல்லுங்க. இந்த மாதிரி, நான் தப்பா செய்யுறது, நீங்க பின்னாடியே வந்து சரி பண்றது, வேற ஏதாவது இருக்கா?"

குருவி வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில்போல் கையைத் தோளளவு உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு கை எழுந்தது. இரவு டியூட்டிக்காரி, வீட்டுக்குக் கிளம்பப் பையை மாட்டியிருந்தவள், பையைக் கீழே இறக்கிவைத்துவிட்டுத் தன் கையையும் தூக்கினாள்.

நான்காவது கை எழுந்தபோது பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொருத்தரா," என்று சொல்லி, பேனாவைத் திறந்தாள்.